கைவசப்படாத ஒரு கெஜம்

சனிக்கிழமை மாலை ஹாஸ்கெல்வில் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டபோது, நிம்மதியாக மூச்சுவிட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹாய்ட் பிக்கெட். அலபாமாவின் அந்தப் பகுதியில் பண்ணை வீடுகளுக்கு லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புவது அவர் தொழில். துரோகி என்று அவரை யாரும் அதுவரை சொன்னதில்லை.

நடந்தது இதுதான். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. கோவேறு கழுதைகளுக்கு மூன்றாம் முயற்சி. முன்னேறத் தேவை ஒரே ஒரு கெஜம். கோவேறு கழுதைகள் என்பது அணியின் பெயர். ரசிகர்களும் தங்களை அவ்வாறே அழைத்துக்கொள்வார்கள், பெருமையுடன். இத்தகைய தருணத்தில் உலகிலுள்ள எந்த அணியும் பந்தை இறுக அணைத்துக்கொண்டு நடுவழியாக முட்டித் தள்ளும். கோவேறு கழுதைகளோ பந்தைப் பக்கவாட்டில் எறிந்தன. அதைப் பிடித்தவனை எதிரணியினர் நான்கு கெஜம் பின்னுக்குச் சாய்த்தார்கள். ஆட்டம் போயிற்று.

ஹாய்ட் மூச்சுவிட்டதற்குக் காரணம் களத்தின் நடுவே குனிந்து நின்ற சென்டர். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, எதிரில் நிற்பவனோடு மோத வேண்டியவன் அவன். பந்து பக்கவாட்டில் போனால் அவன் ஓரடி பின்வாங்கிக் கைகளால் தடுத்தால் போதும். நேராகப் போனால் தலையைக் கொடுத்து மோத வேண்டும். அந்தச் சென்டர் கோல்பி பிக்கெட், ஹாய்ட்டின் ஒரே மகன். செப்டம்பர் மாதம் ஒரு மோதலுக்குப் பிறகு அவனுக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தியெடுப்பான்.

"டாக்டர்கிட்ட சொல்லுடா."

"சொன்னா உக்கார வெச்சிடுவாங்கப்பா. உக்காந்தா எடம் போச்சு. எடம் போச்சுன்னா படிப்புச் சலுகையும் போச்சு. அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க, ப்ளீஸ்."

ஹாய்ட் மூச்சுவிடவில்லை. பெட்ரோல் நிலையத்திலும் முடிதிருத்தகத்திலும் "சென்டரோட அப்பா" என்று தனக்குக் கிடைத்த மரியாதை அந்த மௌனத்துக்குள் எவ்வளவு கலந்திருந்தது என்பதை அவர் பிரித்துப் பார்க்கவுமில்லை. அணியின் நகர்வுகளைத் தீர்மானிக்கும் தாக்குதல் பயிற்சியாளர் மேப்ரியின் விசித்திரப் புத்தியை மட்டும் அவர் தினமும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து, அது தெளிந்துவிடாமல் காக்குமாறு வேண்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை தேவாலயத்தில் பாஸ்டர் நோயாளிகளுக்காகவும் விதவைகளுக்காகவும் மூன்றாம் முயற்சிக்காகவும் ஜெபித்தார். முதல் இரண்டுக்கும் சபையார் மெதுவாக ஆமென் சொன்னார்கள். வழிபாடு முடிந்ததும் ஒரு குழுவினர் முறைப்படி மேப்ரியின் வீட்டுக்குச் சென்று புல்வெளியில் "விற்பனைக்கு" என்ற பலகைகளை நட்டார்கள். தோற்ற பயிற்சியாளரை ஊரைவிட்டுப் போகச் சொல்ல இது ஊரில் நெடுங்கால வழக்கம். நடுகிறவர்கள் காலணியைத் துடைத்துக்கொண்டு மேப்ரியின் மனைவிக்கு வணக்கமும் சொல்லிவிட்டே வருவார்கள். இம்முறை பலகைகள் மிக அதிகமாக இருந்தபடியால் உண்மையாகவே வீடு வாங்க இரண்டு குடும்பங்கள் வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போயின.

திங்கட்கிழமை ஹாய்ட் முதலில் நிரப்பியது ஒரு கோழிப்பண்ணையின் தொட்டியை. பண்ணைக்காரர் வேலியில் சாய்ந்து நின்றார்.

"பொண்டாட்டி போனப்பகூட இப்படி இல்ல, ஹாய்ட்டு. ரெண்டு நாளா தூக்கமில்ல. ஒரே ஒரு கெஜம்யா! நான் குப்புற விழுந்தாலே ரெண்டு கெஜம் வரும்."

"எதிர்பாக்காத மாதிரி செய்யணும்னு நெனச்சிருப்பாரு."

"எதிர்பாக்கலதான். நான்கூட எதிர்பாக்கல. என் கோழிகூட எதிர்பாக்கல. அதுக்குன்னு?"

அன்று மதியம் திங்கட்கிழமைச் சங்கம் கூடியது. நகரத்தின் பெரிய மனிதர்கள் வாரந்தோறும் ஓர் உணவகத்தின் பின்னறையில் அமர்ந்து, பொரித்த கோழியும் சர்க்கரைத் தேநீரும் சாப்பிட்டபடி சனிக்கிழமை ஆட்டத்தின் படத்தைப் பார்ப்பார்கள்; பயிற்சியாளர் எதிரில் நின்று விளக்கம் தர வேண்டும். பயிற்சியாளர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி இந்த அறையிலிருந்தே போவதால் இந்த ஏற்பாடு கல்விசார்ந்தது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. சங்கத்தின் தலைவர் டிராக்டர் வியாபாரி ராண்டல் ஷாக்கிள்ஃபோர்டு. ஆட்டக்காரர்களின் தகப்பன்மார்களுக்குக் கதவருகே ஒரு மேசை உண்டு. ஹாய்ட் அங்கே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கவாட்டு எறிதலை அவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சற்று மெதுவாக ஓட்டினால் கெஜம் கிடைத்துவிடக்கூடும் என்று ஒருவர் அபிப்பிராயப்பட்டார். மெதுவாகவும் ஓட்டினார்கள். கிடைக்கவில்லை.

"கோச்," ஷாக்கிள்ஃபோர்டு வாயைத் துடைத்துக்கொண்டார், "நான் படிக்காதவன். டிராக்டர் விக்கறவன். டிராக்டர் நேரா போகும். அதுக்குத்தான் ஜனங்க காசு குடுக்கறாங்க. நீங்க ஏன்யா நண்டு மாதிரி போறீங்க?"

மேப்ரி எழுந்தார். மெலிந்த மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், மூணாவது முயற்சிக்கு ஒரு கெஜம்னா எல்லாரும் நேரா போவாங்க. அதனால நான் போறதில்ல. ரெண்டு வருஷமா ஒரு தடவகூடப் போகல. இவ்வளவு தடவ தோத்தப்பறமும் மறுபடி அதையே செய்வான்னு எந்த எதிரியாவது நம்புவானா? அங்கதான் சார் இருக்கு சூட்சுமம்."

"நம்பறாங்களே! ஒவ்வொரு வாரமும் அங்கயே வந்து நிக்கறாங்களே!"

"அது அவங்களோட கற்பனை வறட்சி சார்."

அறை கொதித்தது. ஒருவர் இடப்பக்க இடைவெளி வழியாகப் போக வேண்டும் என்றார். வலப்பக்கம் என்று வாதிட்ட தன் மைத்துனரோடு அவர் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கே இனிப் போவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. பல் மருத்துவர் ஒருவர் வெண்ணெய்க் கட்டிகளை அணிவகுத்து வைத்து ஒரு நகர்வைச் செய்துகாட்டினார். அது வெற்றி பெற்றது. அப்போது யாரோ கத்தினார்கள்: "சென்டரோட அப்பா இங்கதானே இருக்காரு! அவரே சொல்லட்டும். எந்திரிங்க பிரதர் ஹாய்ட்!"

ஹாய்ட் எழுந்தார். கையிலிருந்த கோழித்துண்டைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"பக்கவாட்டுல போறதும்... ஒரு வகைல நல்லதுதான்னு படுது," என்றார். "மைதானம் அகலமா இருக்கு. நாம அதுக்கும் சேத்துத்தானே புல்லு போட்டிருக்கோம்."

அலபாமாவில் ஒரு பொது இடத்தில் அப்படி ஒரு கருத்து அதுவரை சொல்லப்பட்டதில்லை. மேப்ரியின் கண்கள் நிறைந்தன. கூட்டம் கலைந்தபின் அவர் ஹாய்ட்டின் லாரிவரை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டிகூட இப்படிச் சொன்னதில்ல, பிரதர்."

ஹாய்ட்டுக்கு அந்தக் கையை எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை.

செவ்வாயன்று பல்கலைக்கழகம் அணியின் தாக்குதல் முறையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. நூலகத்தின் கூரை ஒழுகுவது குறித்து ஆராய ஒதுக்கியிருந்த அறையை அதற்காகக் காலிசெய்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாக்டர் ப்ரெஸ்டன் லெயில் தலைவர்; அவருடைய முனைவர் பட்டம் வாகன நிறுத்துமிடங்களைப் பற்றியது. ஷாக்கிள்ஃபோர்டும் மேப்ரியும் உறுப்பினர்கள். மாறுபட்ட குரல் ஒன்று வேண்டும் என்று சட்ட ஆலோசகர்கள் கூறியிருந்ததால், ஊரில் ஒரே மாறுபட்ட குரலான ஹாய்ட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் உள்ளே நுழைந்தபோது மேசையின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் மண்ணோடு வெட்டியெடுத்த ஒரு புல்தரைத் துண்டு.

"இதுதான் அது," என்றார் லெயில், குரலைத் தாழ்த்தி.

"எது சார்?"

"கிடைக்காத கெஜம். ஞாயித்துக்கிழமையே வெட்டி எடுத்தாச்சு. இதப் பாத்துக்கிட்டுப் பேசினா விவாதம் திசைமாறாதுன்னு ஆலோசனை நிறுவனம் சொல்லிச்சு."

எல்லோரும் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அணியின் பாடலைப் பாடினார்கள். தாவரவியல் ஆய்வு மாணவி ஒருத்தி வந்து கெஜத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். கூட்டம் முடிந்ததும் அதை நிர்வாகக் கட்டட முகப்பில் பார்வைக்கு வைத்தார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். சிலர் பூ வைத்தார்கள். தொடக்கூடாது என்று எழுதியிருந்தும் ஒருவர் கண்ணாடியை முத்தமிட்டார். வேதியியல் தேர்வுக்குப் போக வேண்டிய மாணவர்கள் கூட்ட நெரிசலால் பின்வாசல் வழியாக அனுப்பப்பட்டார்கள்.

வியாழக்கிழமை இரண்டாம் கூட்டத்தில் தீர்மானம் தயாராக இருந்தது. ஷாக்கிள்ஃபோர்டு எழுந்து வாசித்தார்: மூன்றாம் முயற்சியில் கோவேறு கழுதைகள் இனி நேராகவே போகும், கோல்பி பிக்கெட்டின் முதுகுக்குப் பின்னால் போகும், வேறெவ்விதத்திலும் போகாது. சென்டரின் குடும்பத்தைக் கௌரவிக்கும் வகையில் இது பிக்கெட் தீர்மானம் என்று அழைக்கப்படும்.

"கை தட்டுங்க! பிரதர் ஹாய்ட், உங்க பேரு சரித்திரத்துல நிக்கப்போகுது. என்ன, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

ஹாய்ட் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அந்தப் புல் நன்றாகவே வளர்ந்திருந்தது.

"என் பையனுக்குத் தலைல அடிபட்டிருக்கு," என்றார். "செப்டம்பர்லயே. ரெண்டு ரெண்டா தெரியுது அவனுக்கு. வாந்தி எடுக்கறான். முட்ட வைக்காதீங்க. தயவுசெஞ்சு அவன முட்ட வைக்காதீங்க."

ஷாக்கிள்ஃபோர்டுதான் முதலில் தேறினார்.

"ரெண்டா தெரியுதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் தள்ளட்டுமே!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் யாரும் சேரவில்லை என்று கண்டு, "சும்மா சொன்னேன் பிரதர். எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க. கோல்ஃப் ஆடறானுங்க," என்றார்.

டாக்டர் லெயில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் அவர் மனிதாபிமானத்தோடு பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"ஹாய்ட், உங்க துணிச்சல நான் மதிக்கறேன். மாணவர்களோட ஆரோக்கியம்தான் எங்களுக்கு முதல். அது நாலு சுவத்துல எழுதியிருக்கு, நீங்களே போய்ப் பாக்கலாம். ஆனா ஒண்ண நீங்க புரிஞ்சுக்கணும். இது தாக்குதல் குழு. ஆரோக்கியத்துக்குத் தனிக் குழு இருக்கு. ரொம்ப நல்ல குழு. அது ஜனவரில கூடும்."

"ஜனவரில ஆட்டமே முடிஞ்சிருமே சார்."

"அதான் காரணம். ஆட்டம் நடக்கறப்ப கூப்பிட்டா அடிபட்ட பசங்களால வர முடியறதில்ல. ஆடிக்கிட்டு இருக்காங்க இல்ல? அவங்க வசதியப் பாத்துத்தான் வெச்சோம்."

"இப்பவே டாக்டரப் பாக்கச் சொல்லுங்க."

"பாக்கறாரே! வாராவாரம் பாக்கறார். வெரல ஆட்டறார், உங்க பையன் பாக்கறான், பாஸ் பண்றான். வகுப்புலகூட அவன் இவ்வளவு நல்லா பாஸ் பண்ணினதில்ல. நாங்க எங்க மாணவர நம்பறோம், ஹாய்ட். நீங்க உங்க மகன நம்பணும்."

ஹாய்ட் மேப்ரியின் பக்கம் திரும்பினார். "கோச். நீங்க சொல்லுங்க. நீங்கதானே முடிவு பண்றவரு? பக்கவாட்டுல எறிங்க கோச். எப்பவும் போல எறிங்க."

மேப்ரி மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒரு குடும்பம் எங்க படுக்கையறைய அளந்து பாத்துட்டுப் போச்சு, பிரதர்," என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஹாய்ட்டின் வார்த்தைகள் ஒரு தகப்பனின் உணர்வு என்று பதிவுசெய்யப்பட்டன. உணர்வுக்கு வாக்கு கிடையாது.

மறுநாள் கோல்பி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. தாய் டார்லா கடையிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

"சொல்லிட்டீங்க இல்ல?"

"சொன்னேன்டா."

"திரும்ப வெரல ஆட்டினாங்க. பாஸ் பண்ணிட்டேன். அந்தாளு எப்பவும் மொதல்ல இடது பக்கம்தான் ஆட்டுவாரு, எல்லாருக்கும் தெரியும். இப்ப லாக்கர் ரூம்ல என்ன எப்படிப் பாக்கறாங்க தெரியுமா? அப்பாவ அனுப்பி லீவு கேட்டவன்னு."

"நாளைக்கு ஆடாத, கோல்பி."

"ரெண்டு வருஷமா நேரா ஓடலப்பா. எல்லாரும் என் பேரச் சொல்லி, என் பின்னால ஓடணும்னு கேக்கறாங்க. நான் என்ன, கால் வலிக்குதுன்னு சொல்லவா?"

"கால் இல்லடா. தலை."

"எனக்கு இருபது வயசாச்சு. கையெழுத்து நான் போட்டது. உங்களால ஒண்ணும் பண்ண முடியாது." வெளியே போகும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுபோல் ஒரு கணம் தயங்கினான். தோள் நிலையில் இடித்தது. ஹாய்ட் அதைப் பார்த்தார். பார்த்ததை அவனும் பார்த்தான்.

சனிக்கிழமை. வாத்தியக் குழு முழங்கியது. கண்ணாடிப் பெட்டியைச் சிறு வண்டியில் வைத்து மைதானத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். இரண்டாம் காற்பகுதியில் அந்தத் தருணம் வந்தது. மூன்றாம் முயற்சி, ஒரு கெஜம். அறிவிப்பாளர் தேவைக்கதிகமாக ஒரு முறை அதைச் சொன்னார். எல்லையோரத்தில் மேப்ரி கையை உயர்த்தி நேராகக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. அழுதவர்கள் உண்டு. "பிக்கெட்! பிக்கெட்!" என்று கத்தினார்கள். ஹாய்ட்டின் முதுகில் பின்வரிசைக்காரர் ஓங்கித் தட்டினார்.

"உங்க பேரத்தான்யா கத்தறாங்க! எந்திரிங்க!"

ஹாய்ட் எழுந்தார். படியிறங்கினார். தடுப்புக் கம்பியைத் தாண்டினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், எரிவாயுக் கம்பெனித் தொப்பியோடு, அவசரமில்லாமல் மைதானத்துக்குள் நடந்து போவதைக் கண்ட காவலர்கள் குழாய் பழுதுபார்க்க வந்தவர் என்று நினைத்தார்கள். அவர் நேராக நடந்து, குனிந்திருந்த இரு வரிசைகளுக்கும் நடுவே, பந்துக்கு முன்னால் போய் நின்றார். அன்று அந்த அரங்கில் நேராகப் போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவரே.

விசில் ஊதினார்கள். நடுவர் விதிமீறலைக் குறிக்கும் மஞ்சள் துணியை எறிந்தார்.

"எழுந்திரு, கண்ணா. போலாம்."

"போங்கப்பா," என்றான் கோல்பி, பந்தின் மேலிருந்த கையை எடுக்காமல். "எல்லாரும் பாக்கறாங்க. ஐயோ, போங்கப்பா."

"பாக்கட்டும். கையக் குடு."

ஹாய்ட் கையை நீட்டினார். கோல்பி நிமிர்ந்து, அதைத் தட்டிவிடுவதற்காகத் தன் கையை வீசினான். கை ஹாய்ட்டின் கைக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்த காற்றை அடித்தது. மீண்டும் வீசினான். மீண்டும் அதே காற்று. பிறகு அவன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். நடுவர் வெளியூர்க்காரர், அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவர். அவர் ஹெல்மெட்டுக்குள் குனிந்து பையனின் கண்களைப் பார்த்தார். விரலை ஆட்டவில்லை. "இவன் இன்னைக்கு ஆடக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

பிறகு ரசிகர் ஒருவர் களத்தில் புகுந்ததற்காகக் கோவேறு கழுதைகள் பதினைந்து கெஜம் பின்னுக்குப் போக வேண்டும் என்று தண்டம் விதித்தார். அப்போதுதான் அரங்கம் உண்மையிலேயே அலறியது. தகப்பனும் மகனும் சுரங்க வழியில் மறையும்வரை தேநீர்க் கோப்பைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

மாலையில் மருத்துவமனைக் கூடத்திலிருந்த வானொலியில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் முயற்சிக்குப் பதினாறு கெஜம் தேவைப்பட்டபோதும், தீர்மானம் தீர்மானம்தான் என்று மேப்ரி நேராகவே ஓடவிட்டிருந்தார். இரண்டு கெஜம் கிடைத்தது. கோவேறு கழுதைகள் தோற்றன. "பதினாறு கெஜத்துக்கு எவனாவது நேரா ஓடுவானாய்யா? பக்கவாட்டுல எறிஞ்சிருக்க வேணாமா?" என்று ஒருவர் கத்தினார். ஷாக்கிள்ஃபோர்டின் குரல் என்று ஹாய்ட்டுக்குத் தோன்றியது. டாக்டர் லெயில் புதிய குழு ஒன்றை அறிவித்தார். பையனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பன்காரனால் வந்த தண்டத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

ஹாய்ட் வானொலியைக் கடந்து அறைக்குள் போனார். விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். டார்லா மகனின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, கணவனைப் பாராமல் சன்னலோரம் நின்றாள். "செப்டம்பரிலிருந்து" என்ற சொல்லைக் கேட்ட நேரம் முதல் அவள் அவரோடு பேசவில்லை.

"அப்பாவா?" என்றான் கோல்பி.

"நாந்தாண்டா."

"மூணாவது முயற்சிக்கு என்ன பண்ணாங்க?"

"நேரா ஓடினாங்க."

"பதினாறு கெஜத்துக்கா?" அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. "கூமுட்டைங்க. ஓரத்துல எறிஞ்சிருக்கணும்ப்பா. இடது ஓரம் சும்மாவே கெடந்துச்சு. நான் பாத்தேன்." பந்தை யாருக்கு, எப்போது, எந்தக் கோணத்தில் என்று அவன் வெகுநேரம் விளக்கினான். ஹாய்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னார். மெல்ல அவன் குரல் அடங்கியது. தூங்கிவிட்டான் என்று நினைத்து அவர் கையை விடப்போனார்.

"அப்பாவா?"

"நாந்தாண்டா."

"மூணாவது முயற்சிக்கு என்ன பண்ணாங்க?"

சன்னலோரம் டார்லா திரும்பினாள். ஹாய்ட் அவளைப் பார்த்தார். பிறகு மகனின் பக்கம் குனிந்து, முதல்முறை கேட்கப்பட்டவரைப்போல, குரல் நடுங்காமல் சொன்னார்:

"நேரா ஓடினாங்க."